சின்கோனா, 3500 அடி

நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி என்னைப் பத்திரமாக மேலே வால்பாறைக்குக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநர் தம்பிக்கு நன்றி. இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்தப் பெரியவருக்கு நீட்டி முழக்குவது பிடிக்காது என்றார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரிந்ததுதான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் சிலரோடு இதைப்பற்றிக் கருத்தரங்குகளிலும் டீ இடைவேளைகளிலும் நெடுங்காலமாக வாதாடி வருகிறேன். இன்று ஒலிபெருக்கி என் கையில் இருக்கிறது. அவர்களுக்குக் குறுக்கே பேச வழியில்லை.

புதிதாகக் கிடைத்த ஒரு நீர்வண்டுச் சிற்றினத்தை விவரிக்கிறோம். என்ன எழுதினால் விவரித்ததாக ஆகும்? உடலை எழுதினால் போதும் என்பது அவர்கள் கட்சி. அது வாழ்ந்த நீரையும் எழுதாவிட்டால் பாதிதான் எழுதியிருக்கிறோம் என்பது என் கட்சி.

அவர்கள் பக்கம்

அவர்கள் வாதத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2008இல் மான்ஃபிரெட் யேக், மிக்கேல் பால்கே இருவரும் கணக்கெடுத்தபோது உலகில் பெயரிடப்பட்டிருந்த நீர்வண்டுகள் சுமார் 12,600. உண்மையில் 18,000 இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மிச்சத்துக்குப் பெயர் வைத்து முடிக்கும்வரை ஓடைகள் ஓடிக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம். அவசரம் நியாயமானதுதான்.

இன்னொன்று. இரண்டு மில்லிமீட்டர் வண்டை மேலாகப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? கறுப்பு, நீள்வட்ட உடல், வன்சிறகின் மேல் வரிசை வரிசையாகப் புள்ளிக்குழிகள். பக்கத்துச் சிற்றினமும் அச்சாக அப்படியே இருக்கும். ஆண் வண்டின் வயிற்று நுனியை நுண்ணூசியால் திறந்து, இனவுறுப்பைக் கிழியாமல் வெளியே எடுத்து, காரக்கரைசலில் ஊறப்போட்டுத் தெளியவைத்து, பக்கவாட்டிலும் அடியிலும் பார்த்து வரைந்தால்தான் ஆள் யாரென்று சொல்ல முடியும். இப்போது டிஎன்ஏவில் ஏறக்குறைய 650 எழுத்துகளும் சேர்ந்துகொண்டன. இத்தனையும் இருந்தால் அடையாளம் தீர்ந்தது. ஓடை, பாறை, நிழல் எல்லாம் சூழலியல்காரர்களின் வேலை, அதற்கு வேறு கட்டுரை வரும் என்கிறார்கள். அந்த வேறு கட்டுரை வருவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சின்கோனாவின் நீர்கள்

இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய ஊர் சின்கோனா. கொயினா மருந்துக்காக அரசு மரம் வளர்த்த இடம். இப்போது அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தேயிலை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் பூச்சிப் பெட்டிகளில் அந்த ஊர் வால்பாறையைவிடப் பிரபலம் என்றால் நம்புவீர்களா? காரணம் பி. சூசை நாதன் என்ற ஒரு மனிதர். காரைக்கால் பக்கம் குரும்பகரம், கோயம்புத்தூர், வாளையார்க் காடு, கடம்பாறை, சின்கோனா என்று அலைந்து அவர் பிடித்த பூச்சிகள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. நீள்கால் ஈக்களில் பத்தாயிரத்துக்கு மேல் விவரித்த சார்லஸ் அலெக்சாண்டருக்கு ஆனைமலை மாதிரிகள் போனது இவர் கையிலிருந்துதான். பூச்சிப் பெயர்ப் பட்டியல்களில் ‘நாதனி’ என்று முடியும் பெயர்களைப் புரட்டிப் பாருங்கள், பல நம் கொங்கு நாட்டுப் பூச்சிகளாக இருக்கும்.

அவர் எழுதிய சீட்டு குண்டூசியின் அடியில் விரல்நகத்தைவிடச் சிறியதாக இருக்கும். தென்னிந்தியா, ஆனைமலை, சின்கோனா, 3500 அடி, மாதம், வருடம், பெயர். பத்து வருடம் கழித்துப் போன பூச்சியிலும் அதே 3500 அடி. இதை வைத்து என் நண்பர் ஒருவர், “அவர் வெறும் சேகரிப்பாளர்தானே, அவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?” என்றார். அந்த ‘வெறும்’ எனக்குப் பிடிக்கவில்லை. வெறுமனே ‘இந்தியா’ என்று மட்டும் சீட்டெழுதிய துரைமார்களின் மாதிரிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். உயரமும் மாதமும் எழுதியவர் கேட்டதற்கு மேலேயே கொடுத்தவர். குறை அவருடையதல்ல. அப்படி ஒரு சீட்டை எடுத்து அப்படியே அச்சிலேற்றிவிட்டு, விவரித்தாயிற்று என்று பேனாவை மூடுகிறவர்களுடையது.

குளவிக்கும் ஈக்கும் அந்தச் சீட்டு ஓரளவு போதும். அவை பறந்து திரிபவை. நீர்வண்டுக்குப் போதாது. அந்த 3500 அடியில் எத்தனை விதமான நீர் இருக்கிறது என்று ஒரு நடை நடந்து பாருங்கள். சோலைக்குள்ளிருந்து இலைக்குப்பையோடு இறங்கும் ஓடை ஒன்று. தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே வெட்டிய வடிகால் ஒன்று. டிராக்டர் சக்கரத் தடத்தில் தேங்கி ஒரு மாதத்தில் வற்றும் குட்டை ஒன்று. சாலைக்காக வெட்டிய பாறைச்சுவரில் காகித கனத்துக்கு வழியும் ஊற்று ஒன்று. கல்லில் மோதி நுரைக்கும் ஆறு ஒன்று. எல்லாம் கூப்பிடு தூரத்தில். எல்லாவற்றுக்கும் விலாசம் சின்கோனா, 3500 அடி.

சக்கரத்தடக் குட்டையில் இருப்பது நீந்தும் வண்டு. வன்சிறகுக்கு அடியில் காற்றை அடைத்துக்கொண்டு மூழ்கும், தீர்ந்ததும் வாலை மேலே நீட்டி மறுபடி நிரப்பிக்கொள்ளும். குட்டை வற்றினால் பறந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். வழியும் பாறையில் இருப்பதற்கு நீச்சலே தேவையில்லை. பாசியை மேய்ந்தபடி ஊர்ந்து திரியும். அதைப் பிடிக்க டீ வடிகட்டியைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை என்பதை இந்தத் தேயிலை ஊரில் சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆற்றுக்கல்லில் இருப்பதுதான் என் செல்லம்: எல்மிடே குடும்பத்து வண்டு. கூழாங்கல் ஆற்றில் ஓட்டமுள்ள இடத்தில் ஒரு கல்லைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. அவசரக்காரர்கள் கல்லைப் போட்டுவிடுவார்கள். ஈரம் காயக் காய, கல்லின் ஒரு புள்ளி மெல்ல நடக்க ஆரம்பிக்கும். உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் கால்கள், நுனியில் கொக்கி போன்ற பெரிய நகங்கள். அதற்கு நீந்தத் தெரியாது, பிடித்துக்கொள்ளத்தான் தெரியும்.

மூச்சுக்கு அது மேலே வருவதில்லை. உடலின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் நெருங்கி நின்று ஒரு காற்றுப்படலத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கின்றன. நீரில் கரைந்த ஆக்சிஜன் அந்தப் படலத்துக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். வண்டு அதைச் சுவாசிக்கும். இந்த ஏற்பாட்டின் இயற்பியலை 1947இல் தார்ப், கிரிஸ்ப் இருவரும் ஒரு நீர்மூட்டைப்பூச்சியில் விளக்கிக் காட்டினார்கள். அதற்குச் சதுர மில்லிமீட்டருக்கு இருபது லட்சம் மயிர்கள். மயிர் நனையாதவரைக்கும்தான் படலம் நிற்கும். சோப்புத்தூள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்துவிட்டால் மயிர் நனைந்துவிடும். நீருக்குள்ளேயே வாழும் வண்டு நீரில் மூழ்கிச் சாகும்.

இப்போது கேட்கிறேன். இந்த வண்டின் உடலை விவரிக்கும்போது அந்த மயிர்ப்பட்டை வயிற்றின் எத்தனையாவது கண்டம்வரை வருகிறது என்று அளந்து எழுதுகிறோம். நண்பர்களும் எழுதுகிறார்கள். அது எந்த ஓட்டத்துக்காக, எந்தக் குளிர்ச்சிக்காக அமைந்தது என்பதை எழுதாமல் விட்டால், அந்த அளவு எதை விவரிக்கிறது? தோட்டத் தொழிலாளர் லயத்துப் பெண்கள் துணி துவைக்கும் கல்லுக்கு மேலே பிடித்ததா, கீழே பிடித்ததா என்ற ஒரே வரி, இனவுறுப்புப் படம் சொல்லாததைச் சொல்லும். துவைப்பவர்களைக் குற்றம் சொல்லவில்லை. லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்து சேராதது அவர்கள் தவறல்ல.

சரியான இடத்தை அச்சிட்டால் வியாபாரிகள் வந்து அள்ளிப்போய்விடுவார்கள் என்றும் ஒரு வாதம் உண்டு. கொம்பு வண்டுக்கும் பொன்வண்டுக்கும் அது உண்மை, அங்கே மறைக்கத்தான் வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் கறுப்புப் புள்ளிக்கு விலை வைக்க இன்னும் யாரும் வரவில்லை.

போர்னியோ

2018இல் ஒரு எல்மிடே வண்டு உலகப் பத்திரிகைகளில் இடம்பிடித்தது. மலேசிய போர்னியோவில், சபாவின் மாலியாவ் வடிநிலத்து அருவிப் பக்கம் கிடைத்தது. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். பெயர் குரூவெல்லினஸ் லியனார்டோடிகாப்ரியோயி. எல்லோரும் நடிகர் பெயரைப் பார்த்தார்கள். எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. அதைத் தேடிப் போன குழுவில் துறைசாராத சாதாரண மக்கள் இருந்தார்கள். பெயரையும் ஓட்டெடுப்பில்தான் முடிவு செய்தார்கள். வண்டுக்குப் பெயரோடு இடமும் சாட்சிகளும் சேர்ந்தே கிடைத்தன.

விதியும் சட்டமும்

விலங்குப் பெயரிடலின் சர்வதேச விதித்தொகுப்பு 1999க்குப் பிறகு வரும் பெயர்களுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி எது, எந்த ஊரில் எந்தச் சேகரத்தில் இருக்கும் என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பெயர் செல்லாது. பிடித்த இடம் அந்த நிபந்தனையில் இல்லை, அது பரிந்துரை மட்டும். செத்த வண்டின் விலாசம் கட்டாயம், உயிரோடிருந்ததன் விலாசம் விருப்பம். நண்பர்கள் இந்த விதியைக் காட்டித்தான் என்னை மடக்குவார்கள். விதி அப்படி இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றாகாது.

நம் 2002ஆம் ஆண்டு உயிரியற் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவும் புதிய சிற்றினத்தை அறிவிக்கவும் மாதிரியை ஒப்படைக்கவும் சொல்கிறது. அத்தோடு நிற்கிறது. இதைப்பற்றித் தனியாகவே பேசலாம், நேரமில்லை.

இனிச் செய்யக்கூடியவை

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சுருக்கமாக: நாதனின் சீட்டுகளில் உள்ள மாதங்களைத் தொகுத்து, அதே மாதங்களில் சின்கோனாவிலும் கடம்பாறையிலும் ஒவ்வொரு நீராகத் தேடலாம், முதுகலை மாணவர் ஒருவருக்குப் போதுமான வேலை. வனத்துறை அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். ஆழியாறு மலைப்பாதையின் ஈரப்பாறைகளை அடுத்த சாலை விரிவாக்கத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். துவைக்கும் இடங்களுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரிக் கற்களை எடுத்து ஒப்பிடலாம். மழைக்கு முன்னும் பின்னும். இரவில் தேயிலைத் தொழிற்சாலை விளக்கடியில் விழும் வண்டுகளையும் விட வேண்டாம், ஆனால் அவற்றை வைத்து நீரைப்பற்றி எதுவும் எழுத வேண்டாம். புழுப்பருவங்களை யாராவது வளர்த்துப் பார்க்க வேண்டும். அதை இங்கே தொடவேயில்லை. சீட்டில் இடம் போதாதென்றால் இரண்டாவது சீட்டு ஒன்றை அதே ஊசியில் குத்துங்கள்.