இல்லம் திரும்பிய மேபல்



மனநோயைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நோயாளியை மட்டுமே எண்ணுகிறோம். அவரைச் சுற்றியுள்ள வீட்டை எண்ணுவதில்லை. அந்த வீட்டை நமக்குக் காட்டும் அமெரிக்கத் திரைப்படம் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம். 1974ஆம் ஆண்டில் ஜான் கசவெட்டிஸ் எழுதி இயக்கிய ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ என்பதே அந்தப் படம்.

பெரிய பட நிறுவனம் எதுவும் இதற்குப் பணம் தரவில்லை. கசவெட்டிஸ் தம் வீட்டை அடகு வைத்தார். கதாநாயகனாக நடித்த பீட்டர் பால்க் தம் கைப்பணத்தைப் போட்டார். நாயகி மேபலாக நடித்தவர் இயக்குநரின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ். மாமியாராக வருபவர் கசவெட்டிசைப் பெற்ற தாயார். மேபலின் தாயாராக வருபவர் ஜீனாவைப் பெற்ற தாயார். படம் முடிந்தும் அதை வாங்கி வெளியிட ஆளில்லை. இயக்குநரே கொட்டகைக்காரர்களைத் தேடிப் பேசித் திரையிட்டார்.

கதை எளியது. நிக், கட்டுமானக் கூலியாட்களின் தலைவன். நம் ஊரில் மண்டோர் என்போமே, அதுதான். மேபல் அவன் மனைவி. மூன்று பிள்ளைகளின் தாய். அன்பு மிக்கவள். ஆனால் அவள் கைகளும் முகமும் அவள் சொற்படி நிற்பதில்லை.

ஒரு நாள் இரவு முழுதும் வேலை செய்த ஆட்களை நிக் காலையில் வீட்டுக்கு அழைத்து வருகிறான். மேபல் மகிழ்ந்துபோய் எல்லாருக்கும் ஸ்பகெட்டி சமைத்துப் பரிமாறுகிறாள். ஒவ்வொருவரையும் பெயர் கேட்கிறாள். ஒருவர் பாடுகிறார். அவள் ஒரு தொழிலாளியை ஆட அழைக்கிறாள், அவர் கூசுகிறார், அவள் விடவில்லை. உடனே நிக் எல்லார் முன்னிலையிலும் அவளை அதட்டி உட்கார வைக்கிறான். மேசை அமைதியாகிவிடுகிறது. அதுவரை அவளிடம் நாம் கண்டது உபசரிப்பா, நோயா? நம்மால் சொல்ல முடியவில்லை.

பிறகு மாமியார் வற்புறுத்த, மருத்துவர் வர, மேபல் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறாள். அவள் இல்லாத நாளில் நிக் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கடற்கரைக்கு அழைத்துப்போகிறான். திரும்பும் வழியில் லாரியில் வைத்து அவர்களுக்குப் பீர் குடிக்கக் கொடுக்கிறான். இதை எவரும் பைத்தியம் என்று சொல்லவில்லை! அவன் கை நீட்டி அடிப்பதையும் எவரும் நோய் என்பதில்லை.

ஆறு மாதம் கழித்து மேபல் வீடு திரும்புகிறாள். நிக் என்ன செய்கிறான் தெரியுமா? ஊரையே விருந்துக்கு அழைத்து வைத்திருக்கிறான். அவன் தாயார் தலையிட்டுத்தான் கூட்டத்தை அனுப்புகிறார். மருத்துவமனையிலிருந்து வருபவரைக் கூட்டமாய்ச் சென்று பார்ப்பதில் நம்மவரும் சளைத்தவர் அல்லர். இந்தக் காட்சியில் நமக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

எஞ்சிய உறவினர் நடுவே மேபல் அளந்து அளந்து பேசுகிறாள். நீ நீயாகவே இரு என்று நிக் கெஞ்சுகிறான். எந்த இயல்புக்காக அவளை அனுப்பினானோ அதையே இப்போது கேட்கிறான். அவள் தன் தந்தையைப் பார்த்துத் தனக்காக எழுந்து நிற்கும்படி வேண்டுகிறாள். தனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள் என்பது அவள் பொருள். தந்தையோ நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார், அவ்வளவே.

அவளுக்கு என்ன நோய் என்று படம் கடைசிவரை பெயர் சொல்லவில்லை. ஆறு மாதச் சிகிச்சையில் ஒரு காட்சிகூட இல்லை. இது குறை என்போர் உண்டு. மருத்துவத்தை அறிய விரும்புவோர்க்கு இது ஏற்ற படமன்று என்று நாமும் ஒப்புகிறோம். வீட்டை அறியவே இதைப் பார்க்கவேண்டும்.

முடிவில் அவள் மீண்டும் நிலை தடுமாறுகிறாள், கையில் காயம். நிக் சினந்து எழும்போது தாயைக் காக்க ஓடி வருபவர்கள் அந்தப் பிள்ளைகளே. பின் கணவனும் மனைவியும் அவர்களைத் தூங்க வைக்கிறார்கள். அவன் அவள் கையைக் கழுவிக் கட்டுப் போடுகிறான். இருவருமாக மேசையைத் துப்புரவாக்கி, படுக்கையை விரிக்கிறார்கள்.