குழந்தையின் கரப்பனும் குருதிப் பரிசோதனையும்



கைக்குழந்தையை இடுப்பிலும், நாலாக மடித்த தாளொன்றைக் கையிலும் கொண்டு வரும் தாய்மாரைச் சிறுவர் வைத்தியர்கள் அடிக்கடி காண்கின்றனர். குழந்தையின் கன்னங்கள் சிவந்து, வெடித்து, நீர் கசிந்திருக்கும். சற்று வளர்ந்த பிள்ளையாயின் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோல் தடித்துச் சொரசொரத்திருக்கும். இரவு முழுவதும் சொறிந்தமையால் பிள்ளையும் உறங்கவில்லை, தாயும் உறங்கவில்லை. தாளை நீட்டித் தாய் கேட்பாள்: "ஐயா, பிள்ளையின் இரத்தத்திலே கிரந்தி இருக்கிறதாம். பாலையும் முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டோம். இன்னும் எதை நிறுத்த வேண்டும்?"

அந்தத் தாளில் உள்ளவை யாவை, அவற்றை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதையே இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன்.

கரப்பன் என்றும் கிரந்தி என்றும் நம்மவர் சொல்லும் இந்நோயை ஆங்கில வைத்தியர் எக்சிமா என்பர். இரத்தம் கெடுவதனால் இது வருகின்றது என்பது பழைய எண்ணம். அவ்வெண்ணம் இன்றும் பலரை விட்டு நீங்கவில்லை. உண்மையில் இந்நோயின் முதற் குறை பெரும்பாலும் தோலிலேயே உளது. தோலின் மேற்படையை இறுக்கமாக வைத்திருக்க உதவும் பிலக்ரின் என்னும் புரதம் சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. அப்புரதத்திற்குரிய பரம்பரையலகின் பிழைக்கும் கரப்பனுக்கும் உள்ள தொடர்பை ஸ்கொத்லாந்தின் டண்டீ நகர ஆராய்ச்சியாளர் 2006ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். கிடுகு விலகிய கூரையை எண்ணிப் பாருங்கள். வெயிலும் உள்ளே வரும். மழையும் உள்ளே வரும். அதுபோலவே அத்தகைய தோலினூடாக உடலின் ஈரம் வெளியேறுகின்றது. புறத்தேயுள்ள தூசும் கிருமியும் உணவுத் துணுக்கும் உட்புகுகின்றன. அதன் பின்னரே குருதிக்குச் செய்தி போகின்றது.

குருதி அச்செய்தியை இரண்டு வகையாகக் காட்டும். ஒன்று, இயோசினோபில் எனப்படும் வெண்கலங்களின் பெருக்கம். 1879இல் ஜேர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் இயோசின் என்னும் செஞ்சாயத்தை ஊட்டி இக்கலங்களைப் பிரித்தறிந்தார். கரப்பன் உள்ள பிள்ளைகள் பலரிடம் இவை மிகுந்திருக்கும். ஆனால் வயிற்றிலே பூச்சி உள்ள பிள்ளையிடமும் இவை மிகும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டார் இதை மறத்தலாகாது.

மற்றையது ஐ.ஜி.ஈ. எனப்படும் பிறபொருளெதிரி. இதன் வரலாறு ஒரு மீனிலிருந்து தொடங்குகின்றது. பிரெஸ்லாவு நகரிலிருந்த கூஸ்ட்னர் என்னும் வைத்தியருக்குச் சமைத்த மீன் ஆகாது; உண்டால் உடல் தடிக்கும், வாந்தி வரும். அவருடைய நண்பர் பிரவுஸ்னிற்சுக்கோ மீனால் யாதொரு தீங்கும் இல்லை. கூஸ்ட்னரின் குருதிநீரிற் சிறிதளவை எடுத்துப் பிரவுஸ்னிற்சு தமது தோலினுள் ஏற்றினார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றியபோது, அவ்விடம் சிவந்து தடித்தெழுந்தது. ஒவ்வாமை குருதியில் உள்ள ஏதோவொரு பொருளால் வருகின்றது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இதனை அவர்கள் 1921இல் வெளியிட்டனர். (பிற்காலத்திற் பிரவுஸ்னிற்சு இங்கிலாந்தின் வைட் தீவிலே சாதாரண ஊர் வைத்தியராய் வாழ்ந்தார் என்பது பலர் அறியாத செய்தி.)

அப்பொருள் யாது என அறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து யப்பானியத் தம்பதியரான இஷிசாக்கா இருவரும் அதனை வெளிப்படுத்தினர். சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் என்போரும் வேறு வழியாக அதே பொருளைக் கண்டனர். 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டமொன்று அதற்கு ஐ.ஜி.ஈ. எனப் பெயரிட்டது. ஏனைய பிறபொருளெதிரிகளோடு ஒப்பிடின் இது குருதியில் மிகமிகச் சொற்பமே. அவ்வளவு சொற்பமானதையும் அளக்கும் முறை விரைவிலே வந்தது. இன்று பாலுக்கு இவ்வளவு, முட்டைக்கு இவ்வளவு, மீனுக்கு இவ்வளவு எனத் தனித்தனியே இலக்கமிட்டுத் தாள் வருகின்றது. 0.35 என்ற அளவைத் தாண்டினால் 'உண்டு' என அதிற் குறிக்கப்படும்.

எது 'உண்டு'? இங்கேதான் தவறு நேர்கின்றது. அவ்வுணவை அடையாளங் காணும் பிறபொருளெதிரி குருதியில் உண்டு என்பதே அதன் பொருள். அவ்வுணவு பிள்ளைக்கு ஆகாது என்பது அதன் பொருளன்று. கரப்பனை அவ்வுணவே உண்டாக்கிற்று என்பது அறவே அன்று. வெடித்த தோலினூடாகப் பலவும் உட்புகுவதால், கரப்பன் கடுமையாக உள்ள பிள்ளையின் தாளிற் பல உணவுகளுக்கும் 'உண்டு' என வருதல் வியப்பன்று. மறுபுறம், கரப்பன் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினருக்கு ஐ.ஜி.ஈ. வழமையான அளவிலேயே இருக்கின்றது.

ஐ.ஜி.ஈ. வெளிப்பட்ட அதே டென்வர் நகரில், 2011இல் வைத்தியர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒவ்வாமை எனக் கூறப்பட்டுப் பல உணவுகளை விலக்கி வந்த 125 பிள்ளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கரப்பன் உள்ளவர்கள். பலர் விலக்கிய உணவுகளுக்குக் குருதிப் பரிசோதனையே ஆதாரம். வைத்தியசாலையில், வைத்தியர் முன்னிலையில், விலக்கிய உணவைச் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்தனர். இவ்வாறு நடந்த 364 சோதனைகளில் 325இல் ஒரு தீங்கும் நேரவில்லை. நூற்றுக்கு எண்பத்தொன்பது!

வீணாக விலக்கினால் என்ன நட்டம் எனச் சிலர் கேட்கலாம். 2001இல் அமெரிக்க வைத்திய சஞ்சிகையொன்றில் ஒரு குழந்தையின் கதை வெளிவந்தது. கரப்பன் இருந்தமையாற் பால் ஆகாதென எண்ணி, அக்குழந்தைக்கு அரிசியில் ஆக்கிய பானத்தையே பாலுக்குப் பதிலாகக் கொடுத்து வந்தனர். இரண்டு வயது நிரம்புமுன்னரே அப்பிள்ளை உடல் வீங்கி, குவாஷியோக்கர் என்னும் கடும் புரதக் குறை நோய்க்கு ஆளாயிற்று. செல்வம் கொழிக்கும் நாட்டிலே, பஞ்ச நோய்!

விலக்குவதே ஒவ்வாமையை வளர்க்கவும் கூடும். 2015இல் இலண்டனிலே கிடியன் லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கடுங் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். கச்சானை விலக்கியவர்களுள் 17.2 சதவீதத்தினர் ஐந்து வயதிற் கச்சான் ஒவ்வாமை உடையோராயினர். சிறுபருவத்திலிருந்தே அதனை உண்டவர்களுள் 3.2 சதவீதத்தினரே அவ்வாறாயினர். முழுக் கச்சானைக் குழந்தைக்குக் கொடுத்தல் கூடாது, புரையேறும். கரப்பன் கடுமையாயின் வைத்தியரைக் கேட்டே, மசித்துத் தொடங்கல் வேண்டும்.

பரிசோதனையே வீண் என நான் சொல்வதாகக் கொள்ளற்க. ஓர் உணவை உண்ட சில நிமிடத்திலோ இரண்டு மணி நேரத்துள்ளோ உடல் தடித்து, வாந்தியெடுத்து, மூச்சு இழுத்த பிள்ளைக்கு அப்பரிசோதனை மிகவும் வேண்டியது. யப்பானில் டார்க் என்னும் வேறொரு பொருளையும் குருதியில் அளக்கின்றனர். 2008 முதல் அந்நாட்டு வைத்தியக் காப்புறுதி அதற்கு இடமளித்தது. தோலில் அழற்சி மூண்டால் அது ஏறும், அடங்கினால் இறங்கும். தோல் மாறிவிட்டதென எண்ணிப் பூச்சு மருந்தை இடையில் நிறுத்தும் பெற்றோருக்கு, உள்ளே நெருப்பு இன்னும் அணையவில்லை எனக் காட்ட அது உதவும். கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே அதன் அளவு கூடுதல் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

என்னைக் கேட்டால், கரப்பன் உள்ள சில குழந்தைகளுக்குத் தவறாமற் செய்ய வேண்டிய குருதிப் பரிசோதனை மிக எளியதும் மலிவானதுமாகும்: குருதிச் சிறுதட்டுக்களை எண்ணுதல். 1937இல் மியூனிக் நகரில் விஸ்கொற் என்னும் சிறுவர் வைத்தியர் மூன்று சகோதரரின் நோயை விவரித்தார். அம்மூவருக்கும் கரப்பன், குருதிப்போக்கு, ஓயாத காதுத் தொற்று, சகோதரியரோ சுகமாயிருந்தனர். தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வரும் நோய் அது என 1954இல் அமெரிக்காவில் ஓல்ட்றிச் நிறுவினார். மிக அரிய நோய்தான். ஆயினும் கரப்பனோடு காரணமின்றி உடலிற் செந்நிறப் புள்ளியோ கண்டலோ தோன்றினால், மலத்தோடு இரத்தம் போனால், அடிக்கடி காய்ச்சல் வந்தால், அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

தாளோடு வந்த தாயிடம் மீள்வோம். வைத்தியர் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "இவற்றை உண்டபோது பிள்ளைக்கு என்ன நடந்தது, அம்மா?" அவள் சற்று யோசிப்பாள். "ஒன்றும் நடக்கவில்லை, ஐயா. சூடைமீன் என்றால் விரும்பித் தின்பான். தாள் வந்த பிறகு, இந்த மூன்று நாளாகத்தான் நிறுத்தினோம்." அவ்வாறாயின் கவலையில்லை. பலமாதம் நிறுத்திய உணவாயின் வைத்தியர் முன்னிலையிலே திரும்பத் தொடங்கல் வேண்டும். அதுகாறும் உண்ட பிள்ளை இடைவெளியின் பின் ஒவ்வாமை கொண்டதும் உண்டு. மூன்று நாள் தானே! குளிப்பாட்டி, ஈரம் உலருமுன் தோலுக்குக் களிம்பு பூசி, அழற்சி உள்ள இடத்திற்கு வைத்தியர் தந்த மருந்தைத் தடவி, இன்று மத்தியானமே சோற்றோடு முள் நீக்கிய சூடைமீனைக் கொடுக்கலாம்.