'போல' எங்கே போனது?

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பள்ளிக்கூடத்தில் உருவகம் படித்திருப்பீர்கள். 'மதி போன்ற முகம்' என்றால் உவமை. 'முகமதி' என்றால் உருவகம். இரண்டு மார்க்குக்கு அது போதும். நமக்கு விஷயம் அங்கேதான் தொடங்குது. 'போல' மறைந்த இடத்தில், ஒப்புமை உண்மை மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. முகத்துக்கு அது அழகு. மனுசனுக்கு?

ரிக்வேதம் பத்தாம் மண்டலத்தில் வரும் புருஷ சூக்தத்தை எடுத்துக்குங்க. சமூகத்தை ஒரு உடம்பாக்கி, வாய் பிராமணன், தோள் சத்திரியன், தொடை வைசியன், காலிலிருந்து சூத்திரன் என்கிறது. நாம அந்த உடம்பிலேயே இல்லை. இங்கே ஒரு 'போல'வைத் திரும்பப் போடுங்க. 'சமூகம் உடம்பு போல' என்றதும் கேள்வி கிளம்பும். எந்த விதத்தில் போல? காலில் முள் குத்தினால் வாய் கத்தும். இங்கே எந்த வாய் கத்துச்சு?

காந்தி பரப்பிய 'ஹரிஜன்' என்ற சொல்லையும் இப்படிப் பார்க்கலாம். கடவுளின் மக்கள் என்று பொருள். அதில் அடித்தவன் இல்லை, அடியும் இல்லை. மராத்தியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'தலித்' என்றால் நொறுக்கப்பட்டவர். இதுவும் உருவகம்தான். ஆனா, சொன்னவுடனே 'நொறுக்கினது யார்?'னு கேட்க வைக்குது. எந்த உருவகமானாலும் அது எதைக் காட்டுது, எதை மறைக்குது என்று பாருங்க.

நம்ம உருவகங்களையும் விட்டுவிடக் கூடாது. 'சாதிச் சுவரை உடைப்போம்' என்று மேடைதோறும் பேசுகிறோம். சாதி செங்கல் சுவரல்ல, அது ஒரு மனநிலை என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அந்த உருவகம் எதுவரைக்கும் செல்லும் என்று காட்டினார். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நிஜச் சுவரே நின்றது. 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை அரசு இடித்தது. பாதை திறந்தது, சாதி போகலை. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று, தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்ன சுவர் விழுந்து 17 தலித்துகள் செத்தாங்க. அந்தத் தெருவில் போய்ச் சுவரை வெறும் உருவகம்னு பேச முடியுமா?

எனவே எழுதப்போகிற தோழர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். ஆதிக்கத்தின் உருவகத்தில் 'போல'வைத் திரும்பப் போடுங்க. நம்ம உருவகத்துக்குப் பக்கத்தில் ஊர்ப்பேரையும் தேதியையும் எழுதுங்க.