இரண்டும் இரண்டும் எத்தனை?

(மன்றத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஆங்கிலம் கற்கும் நம் மாணவர் கையில் மரபுத்தொடர்ப் புத்தகம் ஒன்று இருப்பது வழக்கம். ஒரு புறம் தொடர்; மறுபுறம் பொருள். அதனைப் புரட்டினால் நாலைந்து தொடர்களுக்கு நேரே ஏறக்குறைய ஒரே பொருளை எழுதியிருக்கக் காண்போம். ‘தெரிந்தவற்றைக் கொண்டு தெரியாததை அறிதல்’ என்பதே அப்பொருள். பரீட்சையில் புள்ளி வாங்க அது போதும். ஆனால் அத்தொடர்களைப் பேச்சில் வழங்கும் ஆங்கிலேயர் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதில்லை. அது ஏன் என்று ஆராய்வோமானால், மொழியறிவு மாத்திரமன்றி, ஒருவன் தன் அறிவை எவ்வளவு நேர்மையாகக் கையாள வேண்டும் என்னும் பாடமும் நமக்குக் கிடைக்கும். அதனையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, ‘டிரோயிங் எ கன்குளூஷன்’ என்பது. முடிவொன்றை இழுத்தெடுத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். கிணற்றிலிருந்து நீரை இறைப்பதற்கும், உறையிலிருந்து வாளை உருவுவதற்கும் ஆங்கிலேயர் இதே வினைச்சொல்லையே வழங்குவர். கிணற்றில் இல்லாத நீரை எவராலும் இறைக்க முடியாது. அதுபோலச் சான்றுகளுக்குள் இருப்பதையே முடிவாக வெளியே எடுக்கலாம். ‘கன்குளூஷன்’ என்னும் சொல்லோ இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘சேர்த்து அடைத்தல்’ என்பது அதன் வேர்ப்பொருள். முடிவு செய்வதென்றால் கதவைச் சாத்துவது என்று கொள்ளலாம். கதவைச் சாத்துமுன் வெளியே எவரேனும் நிற்கிறார்களா என்று பார்ப்பது நல்ல குடித்தனக்காரன் கடமையன்றோ?

இரண்டாவது, ‘புட்டிங் டூ அண்ட் டூ டுகெதர்’, அதாவது இரண்டையும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தல். அயல் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். கொழும்பில் வேலை பார்க்கும் மூத்த மகன் லீவிலே வந்து நிற்கிறான். தட்டார் இரண்டு முறை வந்து போய்விட்டார். கலியாணம் என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை, ஆயினும் அறிந்துகொள்கிறோம். இத்தொடரின் சிறப்பு யாதெனில், சான்றுகள் யாவும் முன்னரே நம் கையில் இருக்கின்றன. கூட்டுவது ஒன்றே நமது வேலை. விடையும் எளிது என்ற குறிப்பு அதில் உண்டு. ஆனால் ஆங்கிலேயரே இத்தொடரை நீட்டி, ‘இரண்டையும் இரண்டையும் சேர்த்து ஐந்தாக்கினான்’ என்று பரிகாசமும் செய்வார்கள். சான்றுகள் மெய்யாயிருந்தும் கூட்டல் பிழைக்கலாம் என்பது இப்பரிகாசத்தின் கருத்து.

மூன்றாவது, ‘கனெக்டிங் த டொட்ஸ்’, புள்ளிகளை இணைத்தல். சிறு பிள்ளைகளின் சித்திரப் புத்தகத்தில் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் யானையோ முயலோ தோன்றும். சிதறிக் கிடக்கும் பல செய்திகளுக்குள் ஓர் உருவைக் காண்பதையே இத்தொடர் குறிக்கும். ஆனால் பிள்ளைகளின் புத்தகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இலக்கம் உண்டு. உலக விவகாரங்களில் புள்ளிகளுக்கு இலக்கம் இல்லை. எது இந்தப் படத்துக்குரிய புள்ளி, எது தற்செயலாகச் சிந்திய மைத்துளி என்று சொல்வாரும் இல்லை. ஆகையால் யானையை விரும்புகிறவன் யானையையே வரைந்துவிடக் கூடும்.

நான்காவது, ‘ரீடிங் பிட்வீன் த லைன்ஸ்’, வரிகளுக்கு இடையே வாசித்தல். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயருடன் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. இத்தொடரை நம்மவர் விளங்கிக்கொள்ள அச்சொல் துணைசெய்யும். போல் கிரைஸ் என்னும் பிரித்தானியத் தத்துவ அறிஞர் 1975ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றில் இதற்கு ஏற்ற உதாரணம் தருகிறார். தத்துவ ஆசிரியர் வேலை கேட்கும் மாணவன் ஒருவனுக்கு அவனுடைய ஆசிரியர் நற்சாட்சிப் பத்திரம் எழுதுகிறார். அவனது ஆங்கிலம் மிக நன்று, வகுப்புக்கு ஒழுங்காக வருவான் என்பன மாத்திரமே அதில் உள்ளன. தத்துவத்தில் அவன் திறமை எப்படி என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த மௌனமே பதில். ஆனால் வரிகள் இருந்தால்தான் இடைவெளியும் இருக்கும். எழுதிய வரிகளைச் சரியாக வாசியாதவன் இடைவெளியை வாசிக்கப் புகுவது வீண்.

ஐந்தாவதாக நிற்பது ‘ஜம்ப்பிங் டு கன்குளூஷன்ஸ்’, முடிவுக்குப் பாய்தல். முன்னைய நான்கும் படியேறிச் செல்வன. இது படிகளை விட்டுப் பாய்வது. பாய்ந்தவனும் சில வேளை மெத்தையைச் சேரக்கூடும். சேர்ந்தாலும், எப்படி வந்தாய் என்று கேட்டால் அவனால் வழி காட்ட முடியாது. ஆகவே ஒருவன் பாய்ந்தானா ஏறினானா என்பதை அவன் அடைந்த முடிவைக் கொண்டு மாத்திரம் அறிய இயலாது. கடந்த படிகளைக் கொண்டே அறியவேண்டும்.

இவ்வைந்தையும் ஒரே சம்பவத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் லண்டன் நகரின் சோஹோ பகுதியில் கொலரா என்னும் வாந்திபேதி கண்டது. பிரோட் தெருவைச் சுற்றி 10 நாட்களுக்குள் 500 பேருக்கு மேல் மாண்டனர். கெட்ட நாற்றமுள்ள காற்றே நோய்க்குக் காரணமென்று அக்காலத்து வைத்தியருட் பெரும்பாலார் நம்பினர். ஏழைகள் நெருங்கி வாழும் இடத்தில் நாற்றமும் உண்டு, நோயும் உண்டு. இரண்டும் மெய்யே. ஆகவே நாற்றத்தால் நோய் என்றனர். இரண்டும் இரண்டும் ஐந்தானது இப்படித்தான்.

ஜோன் ஸ்நோ என்னும் வைத்தியர் நோய் தண்ணீரால் பரவுகிறதென்று கருதினார். அக்கருத்தை அவர் பாய்ந்து பிடிக்கவில்லை. இறந்தவர்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். இறந்தவர்களின் வீடுகளைப் படமொன்றிற் குறித்தார். அவை பிரோட் தெருத் தண்ணீர்ப் பம்பைச் சூழ்ந்து நின்றன. இது புள்ளிகளை இணைத்தல். ஆயினும் பம்பைச் சூழ்ந்த இடத்தில் நாற்றமும் இருந்ததல்லவா? ஆகையால் படம் மாத்திரம் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பம்புக்கு அருகிலேயே இருந்தும் நோய் தப்பியோரைத் தேடினார். அத்தெருவிலிருந்த பியர் வடிசாலையில் 70 பேருக்கு மேல் வேலை செய்தனர். அவர்களில் ஒருவரும் கொலராவால் இறக்கவில்லை. அவர்கள் பியர் குடித்தார்கள். வடிசாலைக்குத் தனிக் கிணறும் இருந்தது. பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். அங்கே இறந்தவர் 5 பேர் மாத்திரமே. அவ்விடுதிக்கும் சொந்தக் கிணறு உண்டு. பின்னர், பம்புக்குத் தூரத்தில் இருந்தும் இறந்தவரைத் தேடினார். சில மைல்களுக்கு அப்பால் ஹம்ஸ்டெட் பகுதியில் விதவையொருவர் இறந்திருந்தார். பிரோட் தெருத் தண்ணீரின் சுவையில் விருப்பங்கொண்டு, அதனை வண்டியில் நாள்தோறும் வருவித்துக் குடித்தவர் அவர். அவரிடம் வந்து அத்தண்ணீரைக் குடித்துச் சென்ற மருமகளும் இஸ்லிங்டனிலுள்ள தம் வீட்டில் மாண்டார். அவ்விரு இடங்களிலும் சோஹோவின் காற்று இல்லை. சோஹோவின் தண்ணீர் வந்திருந்தது. நீரை இறைத்தெடுத்தல் என்னும் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமா?

செப்டெம்பர் 8ஆம் தேதி அப்பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. உடனே நோய் நின்றது என்று கதை சொல்வோர் உண்டு. ஸ்நோ அப்படிச் சொல்லவில்லை. சனங்கள் ஊரைவிட்டு ஓடியதனால் நோய் முன்னரே தணிந்துகொண்டிருந்தது என்பதை அவரே எழுதிவைத்தார். தமக்குச் சாதகமான இடத்திலும், காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை அவர் சான்றாகக் கொள்ளவில்லை. அவருடைய பெருமை இங்கேதான் முழுமையாக விளங்குகிறது.

அரசாங்கச் சுகாதாரச் சபையின் விசாரணைக் குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. அப்பகுதியின் கிறிஸ்தவ குருவான ஹென்றி வைட்ஹெட்டும் அதனை மறுக்கவே புறப்பட்டார். ஆனால் அவர் தாமும் வீடு வீடாக விசாரித்து, ஈற்றில் ஸ்நோவின் பக்கமே சேர்ந்தார். பம்பின் கிணற்றுக்கு அருகிலிருந்த வீட்டிலே நோயுற்ற குழந்தையொன்றின் துணிகளை அலசிய நீர் மலக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஸ்நோ 1858இல் காலமானார். ரொபர்ட் கொக் எகிப்திலும் கல்கத்தாவிலும் கொலராக் கிருமியை ஆராய்ந்து நிலைநாட்டியது 1883, 1884ஆம் ஆண்டுகளிலேதான்.

இனி, நம் காலத்து விஷயம் ஒன்று. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் விமானத் தாக்குதல் நடந்தபின், ‘புள்ளிகளை இணைக்கத் தவறினார்கள்’ என்ற பேச்சு உலகமெங்கும் அடிபட்டது. அவ்வாண்டு ஜூலையில், விமானப் பள்ளிகளிற் பயிலும் சிலரைப் பற்றி எச்சரித்து பீனிக்ஸ் நகரிலிருந்து புலனாய்வு அதிகாரியொருவர் எழுதியிருந்தார். ஆகஸ்டில், பெரிய விமானம் ஓட்டப் பழக வந்த ஒருவர் மின்னசோட்டாவில் கைதானார். இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தாரில்லை. அந்த அச்சத்தின் நிழலில், 2003ஆம் ஆண்டு மார்ச்சில் ஈராக்கின் மீது போர் தொடுக்கப்பட்டது. இம்முறை புள்ளிகளை மிகுதியாகவே இணைத்தார்கள். ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுவாயுதத்துக்கே என்றார்கள். ஆனால் இரசாயன, உயிரியல் ஆயுதக் குவியல்கள் அங்கே இல்லையென்று அமெரிக்க ஆய்வுக் குழுவே 2004இல் அறிவித்தது. குழாய்களும் சாதாரண ரொக்கெட்டுகளுக்கானவை என்று தெரியவந்தது. முதல் முறை இரண்டையும் இரண்டையும் கூட்டாமல் விட்டார்கள்; அடுத்த முறை கூட்டி ஐந்தாக்கினார்கள். இரண்டு பிழைகளுக்கும் மனித உயிர்களே விலையாயின.

அரசுகள் கிடக்கட்டும், நம் வீதிக்கும் நம் வீட்டு வாசலுக்கும் வருவோம். ‘நெருப்பில்லாமற் புகையுமா?’ என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் வார்த்தை. மலையிற் புகை கண்டு நெருப்புண்டு எனத் துணிவதை நம் அளவை நூலார் கருதலளவை என்றனர். ஆனால் அதற்கு முன் காண்டல் உண்டு. புகையை நம் கண்ணாற் காணவேண்டும். ஊரார் ஒரு பெண்ணைப் பற்றியோ, ஓர் உத்தியோகத்தரைப் பற்றியோ பேசுவது புகையன்று. புகையைக் கண்டதாக ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதாகும். அது உரை. உரையையும் நம் முன்னோர் ஓர் அளவையாகவே கொண்டனர். ஆனால் நம்பத்தக்கோர் உரையாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தனர். பெயரில்லாத வாய்களின் உரையைக் காண்டலென்று மயங்கி, அதன்மேல் கருதலைக் கட்டுவதே மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுதல். அந்த முடிச்சினால் முறிந்த கலியாணப் பேச்சுகள் எத்தனை, பகையான குடும்பங்கள் எத்தனை என்பதைப் பெரியோர்கள் அறிவீர்கள். கைத்தொலைபேசியில் வதந்தி ஒரு நொடியிற் பரவும் இந்நாளில் அதன் கேடு ஒரு தெருவோடு நிற்பதுமில்லை.

ஆகவே இளைஞர்களே, மூன்று கேள்விகளை நாம் எப்பொழுதும் உடன்வைத்திருப்போம். என் கையிலுள்ள சான்று நான் கண்டதா, கேட்டதா? அதே சான்றுக்கு வேறொரு விளக்கமும் பொருந்துமா? என் முடிவு பிழையென்றால் அதனைக் காட்டக்கூடிய செய்தி எது, அதனைத் தேடினேனா? பியர் வடிசாலைக்கும் ஹம்ஸ்டெட்டுக்கும் ஸ்நோவை அழைத்துச் சென்றது இந்த மூன்றாவது கேள்வியே.

பதில் கிடைத்தபின், அதற்கேற்ற தொடரைத் தெரிந்து பேசுவோம். வெறும் ஊகமாயின் ஊகம் என்போம். குறிப்பால் அறிந்ததாயின் அப்படியே சொல்வோம். சான்று நிறைந்தபோது மாத்திரம் முடிவு என்போம். ஆங்கிலத்தில் எழுதினாலும் தமிழிற் பேசினாலும், நாம் தெரிந்தெடுக்கும் சொல், நம் கையில் எவ்வளவு சான்று இருக்கிறதென்று பிறருக்குக் கொடுக்கும் கணக்காகும். கணக்கைக் கூட்டி எழுதுபவனைக் கடைத்தெருவில் எவரும் நம்புவதில்லை, பேச்சிலும் அப்படியே.