ஈடிபஸ் நடத்திய விசாரணை



ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு கிரேக்க நாடகம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோபக்ளிஸ் எழுதிய 'ஈடிபஸ் மன்னன்' கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் மேடையேறிய நாடகம். தகப்பனைக் கொன்று தாயை மணப்பான் என்ற வாக்கு பலித்துவிட்ட கதை. "விதி யாரை விட்டது?" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கொலையும் கல்யாணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே நடந்து முடிந்த சங்கதிகள். விதி தன் வேலையை முடித்துக்கொண்டு போயாச்சு. மேடையில் நாம் பார்ப்பது ஒரு விசாரணை.

தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோய். பழைய மன்னன் லேயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் தீரும் என்று டெல்ஃபி கோயிலிலிருந்து செய்தி வருகிறது. விசாரிக்கப் புறப்படுகிறவன் இப்போதைய மன்னன் ஈடிபஸ். கொலைகாரனும் அவனேதான். அது அவனுக்குத் தெரியாது. பார்க்க வந்திருக்கும் ஏதென்ஸ்காரர்களுக்குத் தெரியும்.

நம்ம தொழிற்சாலைகளில் விசாரணை எப்படி நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். பாய்லர் வெடித்தால் கமிட்டி உட்காரும். காரணம் மேல்மட்டத்தை நெருங்க நெருங்க வேகம் குறையும். "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஃபைல் முடிந்தது.

ஈடிபஸுக்கும் அப்படி நிறுத்திக்கொள்ள வழி இருந்தது. குருட்டு ஞானி டைரீசியஸ், என்னை விட்டுவிடு, வீட்டுக்குப் போகிறேன் என்கிறார். இவன் விடவில்லை. அவர் உண்மையைச் சொன்னதும், மைத்துனன் கிரேயான் செய்த சதி என்று பாய்கிறான். (இதுவும் நமக்குப் பழக்கமானதுதான்!) மனைவி யொகாஸ்டா அவனுக்கு முன்பே புரிந்துகொண்டு, இதோடு நிறுத்து என்று கெஞ்சுகிறாள். கடைசியில் கிழட்டு இடையனும் கெஞ்சுகிறான். மன்னன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ஒரு நுணுக்கம் பாருங்கள். லேயஸைக் கொன்றது பல கொள்ளைக்காரர்கள் என்பது தப்பி வந்த ஒரே சாட்சியின் பழைய வாக்குமூலம். "பலர் என்று அவன் உறுதியாகச் சொன்னால் நான் கொலைகாரன் இல்லை" என்று ஈடிபஸே வாதாடுகிறான். அதைக் கேட்கத்தான் அந்தச் சாட்சியை வரவழைக்கிறான். அவன்தான் அந்த இடையன். வந்து நிற்கிறான். ஒருவனா, பலரா என்று யாரும் கேட்பதே இல்லை! அதற்குள் கொரிந்திலிருந்து வந்த தூதன், நீ அந்த ஊர் மன்னனுக்குப் பிறந்த பிள்ளை இல்லை என்று போட்டு உடைத்துவிட்டான். ஆசிரியரின் கவனப்பிசகு என்று இதைச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 'கொன்றது யார்' என்று ஆரம்பித்தவன் 'நான் யார்' என்பதில் வந்து நிற்கிறான். தப்பிக்க வைத்திருந்த கதவே அவனுக்கு மறந்துபோச்சு.

அரிஸ்டாட்டில் சொன்ன 'ஹமார்ஷியா'வை அகம்பாவம் என்று நோட்ஸில் எழுதி மனப்பாடம் செய்கிறோம். அந்தச் சொல்லுக்குக் குறி தவறுதல், பிழை என்றுதான் பொருள். ஈடிபஸ் கோபக்காரன்தான், சந்தேகமில்லை. ஆனால் ஸ்ஃபிங்ஸின் விடுகதையை அவிழ்த்து ஊரைக் காப்பாற்றியதும், இப்போது அவனை வீழ்த்துவதும் விடை தெரியாமல் விடமாட்டேன் என்கிற அந்த ஒரே பிடிவாதம்தான்.

கண்களைக் குத்திக்கொண்டு வந்து நிற்கிறான். இந்தத் துன்பத்தைத் தந்தது அப்போலோ தெய்வம், குத்தியது என் கை என்கிறான். கொலைகாரனை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று உத்தரவு போட்டவனே, அதை நிறைவேற்று, என்னைத் துரத்து என்று கிரேயானிடம் கேட்கிறான். எதற்கும் தெய்வத்தை இன்னொரு தரம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறான் கிரேயான்.