தேங்காய் எண்ணெயும் நம் இருதயமும்

(யூபிலி விழாவையொட்டி நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டால் குப்பியை வெயிலில் வைத்து உருக்குகிறோம். இப்படி எளிதில் உறைபவற்றில் ‘நிறைவுற்ற கொழுப்பு’ மிகுதி. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு அதுவே. நெய்யில் 60 பங்கு, பாமாயிலில் 40-க்கு மேல், கடலை எண்ணெயில் 20-க்குள், நல்லெண்ணெயில் சுமார் 15.

அந்த எண்ணெய் அப்படியே இரத்தக் குழாயில் போய் உறைகிறது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது சரியன்று. இரத்தத்தில் திரியும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து அகற்றுவது ஈரலின் வேலை. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் ஈரல் அந்த வேலையில் சுணங்கிவிடுகிறது. மிஞ்சிய கொலஸ்ட்ரால் ஆண்டுக்கணக்கில் குழாய்ச் சுவரில் படிந்து, ஒருநாள் மாரடைப்பாக வெளிப்படுகிறது. ஆகவே எண்ணெய்க் குப்பியில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம்!

பின்லாந்து தேசத்தில் வட கரேலியா என்றொரு மாநிலம். பாலுக்கும் வெண்ணெய்க்கும் பஞ்சமில்லாத இடம். அங்கே உழைக்கும் வயது ஆண்கள் மாரடைப்பால் மடிந்துகொண்டிருந்தார்கள். 1972-ல் டாக்டர் பெக்கா புஸ்கா தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் பெரிதும் நம்பியது அடுக்களையைத்தான். ஊர்ப் பெண்கள் சங்கத்தார் கூடி, வெண்ணெயைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டினார்கள். (மாதர் சங்கத்தார் கவனிக்க!) புகைபிடிப்பதும் குறைந்தது, இரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சை நடந்தது. சுமார் 40 ஆண்டுகளில் அந்த ஆண்களின் இருதய நோய்ச் சாவு 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. கொலஸ்ட்ரால் இறங்கியதே அதற்குப் பெருங்காரணம்.

தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலையும் உயர்த்துமே என்று கேட்பீர்கள். மெய்தான். ஆனால் மருந்து கொடுத்து அதை உயர்த்திப் பார்த்த பெரிய ஆராய்ச்சிகள் பெரும்பாலானவற்றில் மாரடைப்பு குறையவில்லை.

உணவின் மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேற்படக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துபோகும். பாலும் இறைச்சியும் வேறு இருக்கின்றன.

இன்னொன்று. நெய்யை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பன்னும் பிஸ்கட்டும் சீனியும் தின்றால் இருதயத்துக்கு ஒரு லாபமும் இல்லை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சாளை, அயிலை ஆகியவை அந்த இடத்துக்கு வரவேண்டும். மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். ரேஷன் பாமாயில்தான் கிடைக்கிறது என்பவர்கள் கலங்க வேண்டாம். அளவைக் குறையுங்கள், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள்.

நம் குமரி மாவட்டத்தில் தேங்காய் எண்ணெய் இல்லாத அவியலா என்று முகம் சுளிக்கிறீர்கள். அவியலை இறக்கும்போது மணத்துக்கு ஒரு சிறுகரண்டி விடுங்கள். தாளிப்பும் பொரிப்பும் கடலை எண்ணெயில் நடக்கட்டும்.