வலைப்பதிவுகளுக்கு ஓர் அடைவு



எழுதுதல் ஒரு தொழில். எழுதியதை வேண்டுவோர் கையிற் சேர்ப்பித்தல் மற்றொரு தொழில். முதலாவதைச் செய்வோரை உலகம் புலவர் என்றும் எழுத்தாளர் என்றும் போற்றுகின்றது. இரண்டாவதைச் செய்வோரின் பெயர் பெரும்பாலும் வெளியில் வருவதில்லை. ஆயினும் அவர்கள் இல்லாதவிடத்து நல்லெழுத்தும் இருந்தவிடம் தெரியாது மறைந்துபோகும்.

ஒருவர் அச்சகத்தையோ பதிப்பாளரையோ நாடாது, இணையத்தில் தமக்கென அமைந்த பக்கத்தில் நாள்முறையாக எழுதிவரும் கோவையை வலைப்பதிவு என்கின்றோம். அத்தகைய பதிவுகளைத் தேடிக் கூட்டி வகைப்படுத்தும் அடைவைப் பற்றியும், பதிவெழுதப் புகுவோர் தமக்கேற்ற கருவிகளைத் தெரிந்துகொள்ளும் முறையைப் பற்றியும் இன்று சில கூறக் கருதுகின்றேன்.

அடைவு அமைத்தல் ஈழத்துத் தமிழருக்குப் புதிய தொழில் அன்று. 1859ஆம் ஆண்டிலே சைமன் காசிச்செட்டி அவர்கள் தமிழ்ப் புலவர் பலருடைய வரலாறுகளைத் திரட்டித் 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார். 1886இல் ஆனல்ட் சதாசிவம்பிள்ளை அவர்கள் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தார். இவ்விரண்டிற்கும் இடையே, 1865இல், ஜோன் மேடொக் என்பவர் அதுகாறும் அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாக வகுத்துச் சென்னையிலே ஓர் அட்டவணை வெளியிட்டார். ஆக்கியோன் பெயரைக் கொண்டு அடுக்குவது ஒரு முறை. பொருளைக் கொண்டு வகுப்பது மற்றொரு முறை. இன்று இணைய அடைவு நடத்துவோர் எடுத்தாளுவனவும் அடிப்படையில் இவ்விரு முறைகளே. நமது மட்டக்களப்பிலும், எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்னும் பழைய ஏட்டினை அச்சேற்றியதும், வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியதும், சிதறிக்கிடந்தவற்றைத் தேடித் தொகுக்கும் அவ்வுணர்ச்சியின் பயனேயாம்.

இனி, தமிழ் வலைப்பதிவுகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தமிழில் இம்முயற்சி 2003ஆம் ஆண்டளவில் வேர்விட்டது. பதிவுகள் எண்ணிக்கையிற் குறைவாக இருந்த அந்நாளிலே, கனடாவிலிருந்து மதி கந்தசாமி அவர்கள் அவற்றின் பட்டியலொன்றைத் தொகுத்துப் பேணினார். பதிவுகள் பெருகவே, வெறும் பட்டியல் போதாதாயிற்று. இன்னார் பதிவு இவ்விடத்தில் இருக்கின்றது என்பதைப் பட்டியல் கூறும். இன்று புதிதாக எழுதியவர் யார் என்பதை அது கூறாது. அக்குறையை நிரப்ப, 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காசி ஆறுமுகம் அவர்கள் 'தமிழ்மணம்' என்னும் திரட்டியைத் தொடங்கினார். பின்னர்த் 'தேன்கூடு' முதலிய வேறு திரட்டிகளும் தோன்றின.

திரட்டி இயங்கும் வகை எளிது. ஒவ்வொரு வலைப்பதிவும், தன்பால் அண்மையில் வெளியானவற்றின் தலைப்பையும் தொடக்க வரிகளையும் கணினி படிக்கத்தக்க ஓர் ஒழுங்கில் வெளியிடுகின்றது. இதனைச் செய்தியோடை என்பர். திரட்டியானது தன்னிடம் பதிந்த ஓடைகளையெல்லாம் இடையிடையே சென்று பார்த்து, புதியனவற்றைத் தன் முகப்பிலே வரிசைப்படுத்தும். சிற்றாறுகள் பல வந்து சேரும் வாவியைப் போன்றது அது. இதனால் வாவிக்கரையிலிருந்து ஒருவர் எழுதியதை, அன்றைய பொழுதிலேயே தொரொன்ரோவிலும் சிங்கப்பூரிலும் உள்ளோர் படித்து மறுமொழி எழுத இயன்றது. போரினாலே பயணமும் அஞ்சலும் தடைப்பட்ட காலத்தில் இது சிறிய உதவி அன்று. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலங்கைத் தமிழ் வலைப்பதிவர்கள் கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலே ஒன்றுகூடினர். எழுத்தால் மட்டும் அறிமுகமானோர் பலர் அங்கு நேர்முகமாகக் கண்டு அளவளாவினர்.

அடைவு நடத்துவோருக்கு வரும் சோதனை இயந்திரத்தைப் பற்றியதன்று, நடுவுநிலையைப் பற்றியது. புதியது முதலில் என்று காலவரிசைப்படி அடுக்கினால், நாளுக்கு நான்கு எழுதுவோர் மேலே நிற்பர். மாதத்திற்கு ஒன்று ஆராய்ந்தெழுதுவோர் கணப்பொழுதில் அடியிற் சென்றுவிடுவர். வாசகர் வாக்கைக் கொண்டு அடுக்கினால், நண்பர் கூட்டம் உடையோர் முந்துவர். நடத்துவோரே தெரிந்தெடுத்தால், 'என்னுடையதை ஏன் விட்டாய்?' என்ற வினா எழும். குறையற்ற வரிசை என ஒன்று கிடையாது. ஆதலால் மூன்றையும் வெவ்வேறு பக்கங்களில் வைத்து, எது எவ்விதியால் அடுக்கப்பட்டது என்பதை வெளிப்படையாக எழுதி வைத்தலே தக்கது. 'தமிழ்மணம்' வாரந்தோறும் ஒரு பதிவரை நட்சத்திரமாக அறிமுகஞ்செய்து வந்தது. ஆரவாரத்திற் பின்தங்கியோருக்கும் அவ்வழியால் ஒரு வாரத்து வெளிச்சம் கிடைத்தது.

நமது பகுதியிலே எழுவான்கரை, படுவான்கரை என இரு கரைகள் உள. குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு மக்கள் நெடுங்காலம் படகேறிச் சென்றனர். துறை நடத்துவோர் ஏறுவோரின் ஊரையும் குலத்தையும் வினவுவதில்லை. ஆயினும் படகைக் கவிழ்க்கத் துணிவோரை ஏற்றுவதுமில்லை. அடைவு நடத்துவோரும் அவ்வாறே கருத்து வேற்றுமைக்கு இடங்கொடுத்து, வசைக்கும் பொய்க்கும் பிறர் எழுத்தைத் திருடுதலுக்கும் இடங்கொடாதிருத்தல் வேண்டும். ஒருவரை நீக்குவதாயின் காரணத்தை அவருக்கு எழுதியறிவித்தலும் கடமையாம்.

இனிக் கருவிகளைப் பற்றிக் கூறுவேன். கருவியைத் தெரிந்தெடுப்போர் முதலில் அதன் அழகை நோக்குகின்றனர். அதற்கு முன் நான்கு வினாக்களை வினவுதல் நன்று.

முதல் வினா: இதில் எழுதியதை வேறொரு கணினியிலும் படிக்க இயலுமா? முன்னாளிலே ஒவ்வோர் எழுத்துருவிற்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. இலங்கையிலே பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழெழுத்துகளின் வடிவங்கள் அமர்த்தப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். தேடினாலும் அகப்படாது. ஒருங்குறி என்னும் பொதுமுறையோ, உலகத்து மொழிகளின் எழுத்துக்குறிகளுக்குத் தனித்தனி எண்களை வகுத்தது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆதலால் ஒருங்குறியிலன்றி வேறெதிலும் வலைப்பதிவு எழுதலாகாது. பழைய எழுத்துருக்களிற் கிடப்பனவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதற்கும் கருவிகள் உள. சுரதா யாழ்வாணன் அவர்கள் ஆக்கியளித்த மாற்றியினாற் பயன்பெற்ற தமிழர் பலர்.

இரண்டாவது வினா: என் கைக்கு இயைந்த தட்டெழுத்து முறை எது? தட்டச்சிற் பழகிய நம்மவர் சிலருக்கு ரெங்கநாதன் விசையமைப்பு எளிது. புதிதாகப் பயில்வோருக்கு, 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழிவந்த தமிழ் 99 விசையமைப்பு நன்று. அதில் உயிரெழுத்துகள் ஒரு கைப்பக்கமும் மெய்யெழுத்துகள் மறு கைப்பக்கமும் அமைந்திருக்கும். மலேசியாவிலே முத்து நெடுமாறன் அவர்கள் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சலும், விலையின்றிக் கிடைத்த எ-கலப்பையும் தமிழைக் கணினியில் எழுதும் வழியைப் பலருக்கும் திறந்தன. எம்முறையிலே தட்டினும் விளைவது ஒருங்குறியாயின் குற்றமில்லை. கைகள் வேறாகலாம், எழுத்து ஒன்றாதல் வேண்டும்.

மூன்றாவது வினா: இங்கிருந்து வெளியேற விரும்பினால், எழுதியவற்றை எடுத்துச் செல்ல விடுவார்களா? 1999இல் தோன்றி 2003இல் கூகிள் நிறுவனத்தின் கைக்கு வந்த பிளாக்கரும், 2003இல் வெளியான வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளும், பதிவுகள் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியை உடையன. வாடகை வீட்டிற்குக் குடிபுகுவோர், வெளியேறும் நாளிலே தம் தட்டுமுட்டுகளை எடுத்துச்செல்லும் உரிமை உண்டா என்று முன்னரே அறிந்துகொள்ளுதல் அறிவுடைமையன்றோ?

நான்காவது வினா: இதன் படி வேறெங்கே இருக்கின்றது? இவ்வினாவே தலையாயது. ஜியோசிட்டீஸ் என்னும் பெரிய இலவச இணையத்தளம் 2009இல் மூடப்பட்டது. பலர் நாள்தோறும் பதிவுகளைப் படிக்கக் கைக்கொண்ட கூகிள் ரீடர் 2013 ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. தமிழ்த் திரட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திரட்டி மறைந்தபோது பதிவுகள் உடனே அழிந்துவிடவில்லை. அவற்றிற்குச் செல்லும் வழிகள் மறைந்தன. வழி தூர்ந்த கிணற்றில் தண்ணீர் இருந்தென்ன பயன்? இப்போது பலர் எழுதுவது முகநூலிலே. அங்கும் இன்று எழுதியது நாளைய வெள்ளத்தில் அமிழ்கின்றது. ஆறு திங்கள் கழித்து அதனைத் தேடுவோர், எழுதியவராயினும், இடர்ப்படுகின்றனர்.

ஒரேயிடத்தில் வைத்ததை இழத்தலின் துயரை நாம் அறிவோம். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியும் 2004ஆம் ஆண்டு திசெம்பர் மாத ஆழிப்பேரலையும் இக்கரையோர வீடுகளின் கூரைகளையும் சுவர்களையும் மட்டும் கொண்டுபோகவில்லை. பெட்டியிலிருந்த ஏடுகளையும் உறுதிகளையும் நிழற்படங்களையும் கொண்டுசென்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் உடனழிந்தன. மறுபுறத்தே நமது வடமோடி, தென்மோடிக் கூத்துகளை நோக்குங்கள். அண்ணாவிமார் கொப்பிகளைப் பார்த்து எழுதி ஊருக்கு ஊர் கொண்டுசென்றமையால், ஓரூரில் ஒரு கொப்பி செல்லரித்துப் போயினும் மற்றோரூரிலே அக்கூத்து களரியேறிற்று. பல படிகள் பல கைகளில் இருத்தலே எழுத்திற்குக் காப்பு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களை எண்ணிம வடிவிற் பேணும் நோக்குடன் 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டனவே.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குங்கால், வாவியைச் சூழ்ந்த நமது பகுதிக்கென ஓர் அடைவு வேண்டும் என்பது தெளிவாகும். வாகரை முதற் கல்லாறு வரையும், காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் மக்களும், படுவான்கரை உழவரும், பறங்கியர் குடும்பங்களும், கரையோர வேடர் வழிவந்தோரும் தத்தம் வாழ்வைப் பற்றி எழுதுவனவெல்லாம் அதில் ஓரிடத்திற் காணக்கிடைத்தல் வேண்டும். கண்ணகி வழக்குரை பாடும் முறை, மீன்களுக்கும் வலைகளுக்கும் வழங்கும் பெயர்கள், வயற்சொற்கள், தாலாட்டுகள் ஆகியவற்றை ஓர் இளைஞர் எழுதி வைத்து, அதனை எவரும் கண்டடையாவிடின், அவ்வுழைப்பு வீணாகின்றது. அச்சொற்களும் முதியோருடனேயே மறைகின்றன.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஓராசிரியரும் உயர்வகுப்பு மாணவர் சிலரும் கூடினால் ஒரு பாடசாலையிலேயே தொடங்கலாம். பதிவின் பெயர், முகவரி, எழுதுவோர் வெளியிட இசைந்த பெயர், ஊர், பொருள், தொடங்கிய ஆண்டு, நாம் கடைசியாகச் சென்று பார்த்த நாள் ஆகிய ஏழு குறிப்புகள் போதும். எழுதுவோரின் இசைவின்றி எதனையும் சேர்க்கலாகாது. சிறுவர் எழுதுவனவாயின் அவர்தம் முகவரியும் படமும் வெளிவராது காத்தல் வேண்டும். மூன்று திங்களுக்கொருமுறை எல்லா முகவரிகளையும் திறந்து பார்த்தல் வேண்டும். இறந்துபட்ட பதிவின் பெயரை அழித்துவிடாது, 'இந்நாளின்பின் கிடைக்கவில்லை' என்று குறித்து வைத்தலே முறை. பின்வருவோர் தேடுதற்கு அதுவும் ஒரு தடயமாகும். இணைய ஆவணகத்தில் முகவரியைக் கொடுத்தால் அது பக்கத்தின் படியொன்றைச் சேமித்துக்கொள்ளும். அதனைப் பதிந்த அன்றே செய்துவிடுதல் நன்று. அடைவையும் ஆண்டுக்கொருமுறை தாளில் அச்சிட்டுப் பாடசாலை நூலகத்திலும் ஊர் வாசிகசாலையிலும் வைத்தால், மின்சாரமும் இணையமும் இல்லாத நாளிலும் அது பேசும்.

ஒருவர் தொடங்கி ஒருவரோடு முடிதல் இத்தகைய முயற்சிகளுக்கு நேரும் பெருங்கேடு. ஆகையாற் கடவுச்சொற்களும் கணக்குகளும் இருவர் மூவரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். ஆசிரியர் இடமாற்றம் பெறுவார். மாணவர் பல்கலைக்கழகம் செல்வர். அடைவு மட்டும் அவ்விடத்தில் நிலைபெறுதல் வேண்டும்.

காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர் அவர்கள், 1936ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை பூண்டார். அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வேண்டுமாயின், முதலிற் சொற்களில் உடன்பாடு வேண்டும் என்று அவர்காலத்து அறிஞர் உணர்ந்தனர். எழுத்துக் குறியீட்டிலும் அடைவு முறையிலும் உடன்பாடு காணும் பணி அத்தகையதே. அதனை நம் காலம் நம்மிடம் ஒப்படைத்திருக்கின்றது. எழுதவல்லோர் எழுதுக. எழுத நேரமில்லாதோர், பிறர் எழுதியதைத் தேடிக் குறித்து வைப்பாராக. அவரும் தமிழுக்குத் தொண்டு செய்தவரே ஆவர்.